வரி விளம்பரக் கவுண்டரில் 26 ஆண்டுகள்

போன மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். பத்திரிகையில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மகன் தன் செல்போனை நீட்டினான். அம்மாவின் படத்தைச் சுற்றி ரோஜா மாலை, கீழே எரியும் தீபம், அதற்கும் கீழே எங்கள் எல்லோருடைய பெயர்களும். "காலையிலேயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன் அம்மா. 140 பேர் பார்த்துவிட்டார்கள்" என்றான். நன்றாகத்தான் செய்திருந்தான், பாட்டி மேல் அவனுக்குப் பிரியம் அதிகம். ஆனாலும் நான் அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பெரியார் பஸ் நிலையத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நான் போனது ஒரு தமிழ் நாளிதழின் மதுரை அலுவலகத்துக்கு. 1994 முதல் 2020 வரை நான் வேலை பார்த்த இடம் அது. பத்திரிகையின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொருந்தும்.

என் வேலை வரி விளம்பரம் வாங்குவது. தரைத்தளத்தில் நீளமான மர மேசை, அதன் மேல் கம்பி அடைப்பு, நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் வழியாக நான் பார்க்காத மதுரையே இல்லை. செல்லூரில் இருந்து தறி விற்க வருவார்கள். வில்லாபுரத்தில் இருந்து வீடு வாடகைக்கு விட வருவார்கள். பேரையூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர், டைரியில் இருந்து கிழித்த தாளில் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தை எழுதிக்கொண்டு வருவார். சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்பது கணக்கு. அவர் 41 சொல் எழுதியிருப்பார், கையில் இருக்கும் பணமோ 25 சொல்லுக்குத்தான் வரும். பேனாவை எடுத்து நான் குறைக்கத் தொடங்குவேன். 'நல்ல குணமுள்ள' என்பதை எடுத்துவிடலாமா ஐயா என்பேன். அவர் தயங்குவார். அது மட்டும் இருக்கட்டும் தாயி, வேண்டுமானால் 'சொந்த வீடு' என்பதை எடுத்துவிடு என்பார். அப்படிக் கேட்டவர்களை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இதழுக்கான விளம்பரங்களை வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாங்கியாக வேண்டும். அன்று வரிசை வாசல் தாண்டித் தெருவில் நிற்கும். 'பெட்டி எண்' என்று ஒரு வழக்கம் இருந்தது, இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. தங்கள் முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் ஓர் எண் கொடுப்போம். பதில் எழுதுகிறவர்கள் அந்த எண்ணைப் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு எழுதுவார்கள். திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் தபால்காரர் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டுவார். உள்ளே ஜாதக நகல், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம், கல்யாண வீட்டில் எடுத்த ஒரு படம். எண் வாரியாகப் பிரித்து, நூலால் கட்டி, பெயர் கேட்டு, ரசீது பார்த்து ஒப்படைப்பேன். ஒரு கடிதமும் கை மாறிப் போனதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இணையம் வந்து பத்திரிகையைச் சாய்த்துவிட்டது என்று பேசுகிறவர்கள் எல்லோரும் செய்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். செய்தி இப்போது செல்போனில் இலவசமாக உடனுக்குடன் கிடைக்கிறது, அதனால் பேப்பர் வாங்குவதில்லை என்கிறார்கள். அது பாதிதான். பத்திரிகையின் அடுப்பு எரிந்தது செய்தியால் அல்ல, என் கவுண்டர் போன்ற கவுண்டர்களில் வந்து விழுந்த சில்லறையால்.

பக்கம் எப்படித் தயாராகிறது என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாயங்காலம் முதலில் போடுவது 'டம்மி'. எந்தப் பக்கத்தில் எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் விளம்பரம் என்று கட்டம் போட்டு விளம்பரப் பிரிவு மேலே அனுப்பும். மீதி இருக்கும் வெள்ளை இடத்தில்தான் செய்தி. விளம்பரம் நிறைய வந்தால் பக்கங்கள் கூடும், பக்கங்கள் கூடினால் செய்திக்கும் இடம் கூடும். ஒரு பிரதியை அச்சடிக்க ஆகும் செலவு, கடையில் வாசகர் கொடுக்கும் விலையைவிட அதிகம். அந்த விலையிலும் ஏஜென்ட் கமிஷன், பார்சல் வண்டி வாடகை எல்லாம் போகத்தான் மிச்சம். நாட்டுக்கு வேண்டிய பத்திரிகைக் காகிதத்தில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. இந்தப் பள்ளத்தை எல்லாம் விளம்பரம்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. பேரையூர்ப் பெரியவர் கொடுத்த 25 சொல்லுக்கான பணத்தில் ஒரு துளி, உசிலம்பட்டி நிருபரின் பஸ் கட்டணமாகப் போனது. அவர் மகளுக்கு மாப்பிள்ளையும் கிடைத்தது, அவர் ஊர் வாய்க்காலைப் பற்றிய செய்தியும் வந்தது. இரண்டையும் இணைத்த கயிறு அவர் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கயிறு அறுந்தது ஒரே நாளில் அல்ல. முதலில் போனது கல்யாணம். முருகவேல் ஜானகிராமன் என்ற தமிழர் 1990களின் கடைசியில் அமெரிக்காவில் இருந்தபடி தொடங்கிய திருமண இணையதளம், பிறகு சென்னைக்கு வந்து பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2000க்குப் பிறகு சில ஆண்டுகளில் பெட்டி எண் கேட்பவர்கள் குறைந்தார்கள். தபால் சாக்கு பையாகச் சுருங்கியது, பை உறையாகச் சுருங்கியது. அதில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். 25 சொல்லில் ஒரு பெண்ணைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அங்கே பத்துப் படங்கள் போடலாம், படிப்பு, சம்பளம், பிடித்த பாட்டு வரை எழுதலாம். நான் எதிர்பார்த்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. எங்கள் விளம்பரங்களில் சாதி, உட்பிரிவு என்று ஐந்தாறு சொற்கள் போய்விடும், 'சாதி தடையில்லை' என்று எழுதித் தருபவர் மாதத்துக்கு ஒருவர் வந்தால் பெரிது. கணினிக்குப் போனால் இது மாறும் என்று நினைத்தேன். அங்கே உட்பிரிவுக்குத் தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து பழைய வண்டி, பழைய பிரிட்ஜ், பிறகு வாடகை வீடு, பிறகு 'ஆட்கள் தேவை'. ஒவ்வொன்றுக்கும் ஓர் இணையதளம் வந்தது. அங்கே விளம்பரம் இலவசம், சொல்லை எண்ண வேண்டியதில்லை, விற்றுப்போனால் எடுத்துவிடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைத் தரைக்கு இறக்கிய பிறகு, டைரித் தாளோடு வந்துகொண்டிருந்த கிராமத்துக்காரர்களும் பேரனிடம் செல்போனைக் கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் இது எங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலில் இருந்து வளர்ந்ததுதான் கிரெய்க்ஸ்லிஸ்ட். அந்த நாட்டுப் பத்திரிகைகளின் வரி விளம்பரத்தை அது வாரிக்கொண்டு போனது. அங்கே 2005-ல் பத்திரிகை விளம்பர வருமானம் ஏறத்தாழ 4,900 கோடி டாலர். 2020-ல் அது 1,000 கோடிக்கும் கீழே. டென்வர் நகரத்தில் 1859-ல் தொடங்கிய ராக்கி மவுண்டன் நியூஸ், 150 ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சடித்துவிட்டு மூடியது. அந்தச் செய்தியை எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். நம் ஊரில் அப்படி நடக்காது, இங்கே இப்போதுதான் எழுத்தறிவு பெருகுகிறது, டீக்கடை இருக்கும் வரை பேப்பர் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். 1942-ல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியது இதே மதுரையில்தான். டீக்கடை பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரையும் வாசகராக்கிய ஊர் இது. அந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யும் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகள் அமெரிக்கப் பத்திரிகைகளைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

கடைசியில் என் கவுண்டரில் மிஞ்சியவை எவை தெரியுமா? சாவும் சட்டமும். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, பிறகு சட்டப்படி பத்திரிகையில் போட்டே ஆக வேண்டிய அறிவிப்புகள். பத்திரம் தொலைந்துவிட்டது, கண்டெடுத்தவர்கள் தெரிவிக்கவும். நீதிமன்ற சம்மன். வங்கிக் கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டால், 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டத்தின்படி இரண்டு பத்திரிகைகளில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அடகு நகை ஏலத்துக்கும் பத்திரிகை அறிவிப்பு உண்டு.

இந்த நகை ஏல அறிவிப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு நாளில் மாலைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எண்களை அச்சடிக்கும். கட்டுப் பிரிப்பதற்குள் பையன்களும் பெண்களும் பிடுங்குவார்கள். தெருவிலேயே உட்கார்ந்து, விரலால் வரிசை வரிசையாக இறங்குவார்கள். அந்த எண் கிடைத்ததும் சிலர் அங்கேயே அழுவார்கள், கிடைக்காதவர்கள் பக்கத்துப் பத்தியில் மாறி வந்திருக்குமோ என்று மறுபடி தேடுவார்கள். இணையத்தில் முடிவுகள் வந்த பிறகு அந்த எண்கள் பத்திரிகையை விட்டுப் போய்விட்டன. குழந்தைகளுக்கு அது நல்லதுதான், தோற்றவர்கள் தெருவில் நின்று அழ வேண்டியதில்லை. ஆனால் நான் வேலையை விடும் காலத்தில் பக்கம் பக்கமாக எண்கள் திரும்பி வந்தன. கிளை வாரியாக, அதே பொடி எழுத்தில், நெருக்கி நெருக்கி அடகுக் கடன் எண்கள். புரூஃப் பார்ப்பது என் வேலை. ஒவ்வோர் எண்ணும் யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது என்ற நினைப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தை நான் ஒரு நாளும் படித்ததில்லை. யாரும் விரல் வைத்துத் தேடாத எண்கள். அந்த மாதச் சம்பளத்தை எனக்குக் கொடுத்தவை அவைதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. வீட்டு வாசலில் பேப்பர் போட வேண்டாம் என்று ஒரே வாரத்தில் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்கள். கல்யாண மண்டபம் இல்லை, ஜவுளிக்கடை இல்லை, சினிமா இல்லை, ஆகவே விளம்பரமும் இல்லை. 1941-ல் தொடங்கிய கல்கி வார இதழ் அந்த ஆண்டு அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. அம்மா கல்கிக்காக வியாழக்கிழமை தோறும் கடை வாசலில் காத்திருந்தவள், ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பத்திரிகையில் பக்கங்கள் பாதியாயின. செப்டம்பரில் கவுண்டரை மூடினார்கள். எனக்கு ஒரு தொகையும் ஒரு சால்வையும் கொடுத்தார்கள். எனக்குக் குறையில்லை, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார். என்னோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்களில் புறநகர்ப் பகுதி நிருபர்கள் இரண்டு பேர். அவர்களை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அவர்களில் ஒருவர் திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போவார். காலை 9 மணிக்கே போய், மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்காரும் வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே கலெக்டர் என்ன சொன்னார் என்பதைவிட, வெளியே மனுவோடு நிற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் கேட்பார். ஒரே கிராமத்தில் இருந்து மூன்று வாரம் தொடர்ந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால், நான்காவது வாரம் அந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். கண்மாய்க் கரையை உடைத்து மண் எடுத்த கதை ஒன்று அப்படித்தான் வெளியே வந்தது. ஆறு வாரம் அலைந்து அவர் எழுதியது 14 வரி. மண் எடுப்பது நின்றது. அந்த 14 வரிக்கு இணையத்தில் என்ன விலை? எத்தனை பேர் தட்டிப் பார்த்திருப்பார்கள்? அந்தக் கிராமத்தில் இருந்த இருநூறு வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

இன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிய செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. 'மொத்தம் இத்தனை மனுக்கள் பெறப்பட்டன, உரிய நடவடிக்கை எடுக்க ஆட்சியர் உத்தரவிட்டார்' என்று, அரசு மக்கள் தொடர்பு அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சொற்களிலேயே வருகிறது. படமும் அவர்கள் அனுப்பியதே. வேப்பமரத்தடியில் ஆள் இல்லை.

செல்போனை வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தி போடும் பிள்ளைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போன மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பத்திரிகைக்கு முன்னால் காட்டியது ஒரு யூடியூப் பையன்தான். மாநகராட்சி லாரி வந்ததும் அவனால்தான். ஆனால் அவன் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்த்தேன். கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தமிழ்த் தளங்களுக்குத் திறந்துவிட்டதே 2018-ல்தான். அதில் வரும் காசு ஆயிரம் பேர் பார்த்தால் சில ரூபாய். லட்சம் பேர் பார்க்க வேண்டும் என்றால் நடிகையின் விவாகரத்தைப் போட வேண்டும், கண்மாய்க் கரையைப் போட முடியாது. இருநூறு வீட்டுக்கு மட்டும் முக்கியமான செய்தியை அவன் இலவசமாகத்தான் செய்ய முடியும். அவனும் எத்தனை நாள் செய்வான்?

முன்பு என் கவுண்டரில் விழுந்த பணம் இப்போதும் மதுரையில் இருந்துதான் போகிறது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் விளம்பரத்துக்குச் செலவழிக்காமல் இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு இப்போது போய்ச் சேரும் கூகுள், பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு உசிலம்பட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இதைக் கேள்வி கேட்ட நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியா 2021-ல், செய்திக்கு இந்த நிறுவனங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தபோது பேஸ்புக் அங்கே சில நாட்கள் செய்தியையே மறைத்தது, பிறகு பேசித் தீர்த்துக்கொண்டது. கனடா 2023-ல் அதே போன்ற சட்டம் இயற்றியதும் அங்கேயும் பேஸ்புக் செய்தியை நிறுத்தியது. டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகளுக்காக மதுரைச் செய்தி ஒன்றின் இணைப்பை நான் பேஸ்புக்கில் பகிர்ந்தால், கனடாவில் இருப்பவர்கள் இதைப் பார்க்க முடியாது என்று அவளுக்கு வருகிறது. சொந்த ஊர்ச் செய்தியைப் படம் பிடித்துத் தனியாக அனுப்புகிறேன். நம் நாட்டில் பத்திரிகைகளின் இணையப் பதிப்புகள் சேர்ந்து புகார் கொடுத்து, 2022 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பணத்தில் ஏதாவது ஒருநாள் திரும்பி வந்தாலும், அது பகுதி நேர நிருபரின் பஸ் கட்டணம் வரை இறங்கி வருமா என்பதுதான் என் கவலை.

நினைவஞ்சலிக்கு வருகிறேன். என் பழைய கவுண்டர் இருந்த இடத்தில் இப்போது கூரியர் அலுவலகம். பத்திரிகை மாடியில் இருக்கிறது. அங்கிருந்த தம்பி, "வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே அம்மா, வெயிலில் வந்திருக்கிறீர்களே" என்றார். தாளை வாங்கி, உட்கார்ந்து, நானே எழுதினேன். அம்மா பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த நாள். திருமங்கலம் பக்கத்தில் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் என்பதையும் சேர்த்தேன். தம்பி அதை எடுத்துவிட்டால் ஒரு வரி குறையும் என்றார். இருக்கட்டும் என்றேன். என் செல்போன் எண்ணையும் போடச் சொன்னேன்.

விளம்பரம் வந்த அன்று காலை ஏழரை மணிக்குத் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு. கள்ளிக்குடியில் லாரி பட்டறை வைத்திருப்பவராம். டீக்கடையில் பேப்பர் பார்த்தாராம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது இரண்டாம் வகுப்பில் படித்தவர்.

"அக்கா, படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதியம் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்கு மட்டும் தனியாக ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பார்கள். என் தங்கச்சிக்கு. அவள் அப்போது பள்ளிக்கூடம் வரவில்லை, சின்னப் பிள்ளை."

அம்மா இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் தொடர்ந்தார்: "அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டேன். மற்றவர்கள் படித்து முடிக்கட்டும், பத்து மணிக்கு மேல் எடுத்துக்கொள் என்றார். காத்துக்கொண்டிருக்கிறேன்."